மண் கொள்வதும் பயிர் கொள்வதும்

பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, மார்ஷல் தீவுக்கூட்டத்தின் வட பாகத்தில், பிக்கினி என்றொரு பவளத்தீவு உண்டு. 1946ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அத்தீவில் வாழ்ந்த 167 பேரும் தம் இல்லங்களையும் தென்னஞ் சோலைகளையும் விட்டுக் கப்பலேறினர். அணுகுண்டுப் பரிசோதனை நடத்துவதற்கென அமெரிக்க அரசாங்கம் அத்தீவைக் கேட்டது. பரிசோதனை முடிந்ததும் திரும்பி வந்துவிடலாம் என்று அம்மக்கள் நம்பிச் சென்றனர். அன்று தொடங்கி 1958ஆம் ஆண்டு வரை பிக்கினியில் 23 அணுகுண்டுகள் வெடிக்கப்பட்டன.

பத்தாண்டுகள் கழிந்தன. 1968ஆம் ஆண்டில், தீவு மீண்டும் குடியேறுதற்குத் தக்கது என அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சன் அறிவித்தார். குப்பைகள் அகற்றப்பட்டன, ஆயிரக்கணக்கான தென்னங் கன்றுகள் வரிசை வரிசையாக நடப்பட்டன, வீடுகளும் எழுந்தன. 1970களின் தொடக்கத்தில் சில குடும்பங்கள் ஆவலோடு திரும்பி வந்தன. தென்னைகள் வளர்ந்தன, பாளை விட்டன, காய்த்தன. மக்கள் இளநீர் பருகினர், தேங்காயை உண்டனர். ஆனால் வைத்தியக் குழுவினர் அம்மக்களின் உடலை அளந்து பார்த்தபோது, சீசியம் என்னும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் ஆண்டுக்கு ஆண்டு அவர்கள் உடலிற் பெருகி வருவது தெரிந்தது. 1978ஆம் ஆண்டில் அவர்கள் இரண்டாம் முறையாகத் தம் தீவை விட்டு அகற்றப்பட்டனர்.

அப்போது அங்கே குண்டு எதுவும் வெடிக்கவில்லை. காற்றிலே நச்சுத் தூசி மிதக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் மண்ணில் வீழ்ந்த ஒரு பொருள், வேர்வழியே ஏறி, இளநீராய் இறங்கி, மனிதர் உடலை அடைந்தது. மண்ணில் உள்ளது உணவுக்கு எவ்வாறு வருகிறது? எல்லா மண்ணிலும் அது ஒரேவிதமாக நிகழ்கிறதா? அதனைத் தடுக்க வழியுண்டா? இவ்வினாக்களுக்கு விஞ்ஞானிகள் பல நாடுகளிலும் பல ஆண்டுகளாகத் தேடிக் கண்ட விடைகள் பொதுமக்களும் அறிந்திருக்க வேண்டியவையாகும்.

அணுகுண்டு வெடிக்கும்போதும், அணு உலை சிதையும்போதும், பலவகையான கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள்கள் வெளிப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை சில விநாடிகளிலோ நாட்களிலோ அழிந்து போகின்றன. ஒரு பொருளின் கதிர்வீச்சு அரைப்பங்காகக் குறைவதற்குச் செல்லும் காலத்தை அதன் அரைவாழ்வுக் காலம் என்பர். உணவைப் பொறுத்தவரையில் மூன்று பொருள்களே முக்கியமானவை. முதலாவது, அயடீன் 131. அதன் அரைவாழ்வுக் காலம் 8 நாட்கள். இரண்டாவது, ஸ்ட்ரோன்சியம் 90. அதற்கு ஏறக்குறைய 29 ஆண்டுகள். மூன்றாவது, சீசியம் 137. அதற்கு 30 ஆண்டுகள். அணுகுண்டின் மற்றொரு பொருளான புளூட்டோனியம் 239 இருபத்து நாலாயிரம் ஆண்டுகள் அரைவாழ்வு உடையதாயினும், மண்ணோடு இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்பினது. வேர்வழியே மிகமிகச் சொற்பமாகவே பயிருக்கு ஏறும். நீண்டகாலம் வாழும் பொருள் எல்லாம் உணவிற் கலக்கும் என்பதில்லை. பயிருக்கு எது உறவு என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

உறவு என்னும் சொல்லை இங்கு வீணாகச் சொல்லவில்லை. மூலகங்களிடையே இயல்பொத்த குடும்பங்கள் உண்டு. சீசியம், பொற்றாசியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்ட்ரோன்சியம், கல்சியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. பொற்றாசியம் இன்றிப் பயிர் வாழாது. கல்சியம் இன்றியும் வாழாது. மண்ணீரிற் கரைந்திருக்கும் இச்சத்துக்களை வேர்மயிர்கள் உறிஞ்சும்போது, உருவில் ஒத்த அந்நியனையும் சேர்த்தே உள்ளே அனுமதித்துவிடுகின்றன. வாயிற்காவலன் வீட்டுக்காரனின் உடையைக் கண்டு வழிவிடுவது போன்றதே இது. வீட்டுக்காரர் பலராய் வந்து நெருக்கினால், வேடதாரிக்கு உள்ளே புக இடம் கிடைப்பது அரிது. வீட்டுக்காரர் வராத வேளையில் வேடதாரியே தாராளமாக உள்ளே செல்கிறான். மண்ணிற் பொற்றாசியம் குறைந்த இடத்திற் பயிர் சீசியத்தை மிகுதியாக ஏற்பதும், கல்சியம் குறைந்த புளிப்பு மண்ணில் ஸ்ட்ரோன்சியத்தை மிகுதியாக ஏற்பதும் இக்காரணத்தினாலேயே.

எனினும், வேர்வழி ஒன்றே வழியன்று; இலைவழியும் உண்டு. வானத்திலிருந்து தூசியாயும் மழையாயும் இறங்கும் பொருள் முதலில் இலையிலேயே படிகிறது. விபத்து நிகழ்ந்த முதல் வாரங்களில் இதுவே பிரதான வழியாகும். அயடீன் 131 செய்யும் தீங்கு முழுவதும் இவ்வழியானதே. புல்லின்மேல் வீழ்ந்த அயடீனைப் பசு மேய்கிறது. இரண்டொரு நாட்களிலே அது பாலில் வந்துவிடுகிறது. பாலைப் பருகும் குழந்தையின் தைரொயிட் சுரப்பி அதனைத் திரட்டிச் சேர்த்துக்கொள்கிறது. பசு ஒரு நாளில் மேயும் நிலப்பரப்பு பெரிது. அப்பரப்பில் வீழ்ந்தது ஒரு கிண்ணப் பாலிற் செறிந்து வருகிறது. குழந்தையின் சுரப்பியோ மிகச் சிறியது. ஆகவே அபாயமும் அங்கேயே மிகுகிறது.

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வட இங்கிலாந்தில் வின்ட்ஸ்கேல் என்னுமிடத்து அணு உலையில் தீப்பற்றியபோது, ஏறக்குறைய 500 சதுர கிலோமீற்றர் பரப்பிலுள்ள பண்ணைகளின் பால் வாரக்கணக்கிற் கொட்டப்பட்டது. இழப்புப் பெரிதேயாயினும், அச்செயல் குழந்தைகளைக் காத்தது. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் திகதி சோவியத் நாட்டின் செர்னோபில் அணு உலை வெடித்தபோதோ, அக்கம்பக்கத்துக் கிராமங்களிற் பால் உரிய காலத்தில் நிறுத்தப்படவில்லை. உக்கிரேன், பெலரூஸ், இரசியா ஆகிய நாடுகளில் அந்நாளிற் சிறுவராயும் இளைஞராயும் இருந்தோரிடையே 2005ஆம் ஆண்டுக்குள் 6,000க்கும் மேற்பட்ட தைரொயிட் புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. அவற்றுட் பெரும்பகுதிக்கு அப்பாலே காரணம் எனக் கருதப்படுகிறது. இத்தனைக்கும், அப்பாலை மாவாக்கி மூன்று மாதம் வைத்திருந்தால் அதிலிருந்த அயடீன் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைந்திருக்கும். எட்டு நாள் நஞ்சுக்குக் காலமே மருந்து. ஆனால் அம்மருந்தைப் பயன்படுத்தச் செய்தி நேரத்தோடு மக்களைச் சென்றடைய வேண்டும்.

இலைவழிக்கு மற்றுமோர் உதாரணம் தேயிலைச் செடியாகும். 2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி யப்பானிலே பூமியதிர்ச்சியும் கடற்பெருக்கும் நேர்ந்து, புக்குஷிமா அணு உலைகள் சிதைந்தன. இரு மாதங்களின் பின், அங்கிருந்து இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள கனகாவா மாகாணத்திற் பறித்த இளங்கொழுந்திலே சீசியம் மிகுந்து காணப்பட்டது. அக்கொழுந்து தூசி வீழ்ந்த நாளில் முளைத்திருக்கவேயில்லை! மண்ணிலிருந்து வேர்வழி ஏறுவதற்கும் காலம் போதாது. முதிர்ந்த இலைகளில் வீழ்ந்த சீசியம் இலைத்தோல் வழியே உட்புகுந்து, செடியினுள்ளே பொற்றாசியம் செல்லும் பாதையிற் சென்று, வளரும் கொழுந்தை அடைந்தது என ஆராய்ச்சியாளர் கண்டனர். செடியை ஆழமாகக் கவ்வாத்துச் செய்து பழைய இலைகளை அகற்றியபின், அடுத்த பருவங்களில் அளவு விரைந்து குறைந்தது.

இலையில் வீழ்ந்தது மழையாற் கழுவப்பட்டும், சருகாய் உதிர்ந்தும் நிலத்தை அடைகிறது. அதன்பின் தொடங்குவதே நீண்ட கதை. அக்கதையின் முடிவை நிர்ணயிப்பது மண்.

களிமண்ணை நுணுக்குக்காட்டியின் வலிமைக்கும் அப்பாற் சென்று நோக்கினால், அது புத்தகத்தின் ஏடுகள் போல அடுக்கடுக்காய் அமைந்திருப்பது புலனாகும். அவ்வேடுகளின் ஓரங்கள் சற்றே பிரிந்து விரிந்திருக்கும். அப்பிளவுகளிற் சீசியத்தின் அயன் அளவெடுத்துச் செய்தாற்போற் பொருந்திச் சிக்கிக்கொள்கிறது. ஒருமுறை சிக்கினால் எளிதில் வெளிவருவதில்லை. மண்ணில் இருந்தும் பயிருக்கு இல்லாததாகிவிடுகிறது. மைக்காவிலிருந்து பிறந்த களிமண்களுக்கு இவ்வாற்றல் மிகுதி. ஸ்ட்ரோன்சியத்துக்கு இத்தகைய சிறை இல்லை. அது மண்துணிக்கைகளின் மேற்பரப்பில் இலேசாக ஒட்டிக்கொண்டு, மண்ணீரோடு எளிதில் நடமாடும். ஆகவே ஒரே நிலத்திற் பயிர் ஏற்கும் ஸ்ட்ரோன்சியத்தின் விகிதம் பொதுவாகச் சீசியத்தினும் அதிகம்.

ஒரு கிலோகிராம் உலர்ந்த மண்ணில் உள்ள அளவுக்கும் ஒரு கிலோகிராம் உலர்ந்த விளைவில் உள்ள அளவுக்கும் இடையேயான விகிதத்தை விஞ்ஞானிகள் கணக்கிடுகின்றனர். நல்ல களிமண் வயலில் விளைந்த நெல்லுக்குச் சீசியத்தைப் பொறுத்தவரை இவ்விகிதம் நூறில் ஒன்று, அல்லது அதற்கும் கீழ். பிக்கினித் தேங்காய்க்கோ அது ஒன்றையும் கடந்தது. அதாவது, மண்ணிலிருந்ததை விடச் செறிவாகத் தேங்காயில் இருந்தது!

காரணம் இப்போது விளங்கும். பவளத்தீவின் மண் பவளப்பூச்சிகளின் ஓடும் சிப்பியும் நொறுங்கி உண்டானது, முற்றும் சுண்ணாம்பே. அதிலே களிமண் இல்லை. ஆதலாற் சீசியத்துக்குச் சிறையும் இல்லை. பொற்றாசியம் மிகமிகக் குறைவு; ஆதலால் வேர்வாயிலில் நெருக்கடியும் இல்லை. பசித்த தென்னை கிடைத்ததை எல்லாம் உறிஞ்சியது. அதே மண்ணிற் சுண்ணாம்பின் கல்சியம் வெள்ளமாய் இருந்தமையால், ஸ்ட்ரோன்சியம் உள்ளே நுழைய வழியின்றி நின்றது. ஒரே தீவில், ஒரே மரத்தில், ஒரு நஞ்சுக்குக் கதவு அடைபட்டும் மற்றொன்றுக்குத் திறந்தும் இருந்தமை வியப்பன்றோ!

ஸ்ட்ரோன்சியத்தின் கதை வேறிடத்தில் வெளிப்பட்டது. 1950களில் வல்லரசுகள் வானவெளியில் வெடித்த குண்டுகளின் தூசி உலகெங்கும் இறங்கிக்கொண்டிருந்தது. கல்சியத்தின் வேடம் பூண்ட ஸ்ட்ரோன்சியம் புல்லிலும் பாலிலும் கோதுமையிலும் புகுந்து, குழந்தைகளின் என்பிலும் பல்லிலும் குடிகொண்டது. அமெரிக்காவிலே சென்ற் லூயிஸ் நகரத்து விஞ்ஞானிகளும் தாய்மாரும் சேர்ந்து, 1958ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு முயற்சியைத் தொடங்கினர். விழுந்த பாற்பற்களைத் தருமாறு பிள்ளைகளை வேண்டினர். பற்கள் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தன. 1950களின் தொடக்கத்திற் பிறந்த குழந்தையின் பல்லைவிடப் பின்னாண்டுகளிற் பிறந்த குழந்தையின் பல்லில் ஸ்ட்ரோன்சியம் பல மடங்கு அதிகம் என்பது அளந்து நிறுவப்பட்டது. 1963ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி மொஸ்கோவில், வானவெளியிலும் நீரடியிலும் விண்வெளியிலும் அணுகுண்டு வெடிப்பதைத் தடைசெய்யும் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அவ்வுடன்படிக்கைக்கு ஆதரவாகப் பொதுமக்கள் எழுப்பிய குரலுக்கு அப்பாற்பற்களும் வலுவூட்டின.

மண்ணை அறியாது கணக்கிடுவதால் நேரும் தவறுக்கு வேல்ஸ் நாட்டு மலைகள் சான்று. செர்னோபில் விபத்துக்குச் சில நாட்களின் பின், முகிலோடு வந்த சீசியம் மேற்குப் பிரித்தானிய மலைகளிற் கனமழையாய்ப் பொழிந்தது. 1986ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஒரு கிலோகிராம் இறைச்சியில் 1,000 பெக்கரலுக்கு மேற்பட்ட செம்மறிகளை விற்கலாகாதெனத் தடை பிறந்தது. மூன்று வாரங்களில் எல்லாம் சீராகும் என்று அதிகாரிகள் முதலிற் கூறினர். அவர்களது கணிப்பு தாழ்நிலத்துக் களிமண்ணை வைத்துச் செய்யப்பட்டதாகும். மலைமீதிருந்ததோ உக்கிய தாவரங்களாலான, புளிப்பு மிகுந்த, கருநிற மண். களி அங்கே அரிது, பொற்றாசியமும் அரிது. சீசியம் மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து ஆட்டுக்கும், ஆட்டெருவிலிருந்து மீண்டும் மண்ணுக்குமாகச் சுழன்றுகொண்டேயிருந்தது. பிரித்தானியா முழுவதிலும் ஏறக்குறைய 10,000 பண்ணைகளும் 40 லட்சத்துக்கு மேற்பட்ட செம்மறிகளும் தடைக்குட்பட்டன. மூன்று வாரங்கள் என்றது 26 ஆண்டுகள் ஆயிற்று; கடைசித் தடை நீங்கியது 2012ஆம் ஆண்டிலே. தந்தை தொடங்கிய அளவீட்டை மகன் முடிக்க நேர்ந்தது.

ஆயினும், அம்மலைவாசிகள் ஓர் உபாயத்தை அறிந்தனர். ஆட்டைத் தாழ்நிலத்து மேய்ச்சலுக்கு இறக்கிவிட்டாற் சில வாரங்களிலே அதன் உடலிலிருந்து சீசியம் பெரிதும் கழிந்துவிடும். ஸ்ட்ரோன்சியம் போல என்பிற் குடியேறாமல், பொற்றாசியம் போலத் தசையிற் பரவி வெளியேறுவது சீசியத்தின் இயல்பு. நோர்வேயிலே, வேரற்ற பாசியினத்தை மேய்ந்து வாழும் கலைமான்களின் இறைச்சியிற் சீசியம் அளவிறந்து ஏறியபோது, பிரஷ்ய நீலம் என்னும் சாயப்பொருளை விலங்குகளுக்கு ஊட்டினர். அது குடலிலே சீசியத்தைப் பற்றிக்கொண்டு சாணத்தோடு வெளியேற்றிவிடுகிறது. ஓவியரின் வண்ணம் ஒரு மக்களினத்தின் பிழைப்புக்கு உதவிற்று.

பயிர்களுக்கான பரிகாரமும் இதே அறிவிலிருந்து பிறந்ததே. புக்குஷிமா வயல்களிற் சீசியத்திற் பெரும்பங்கு மேலுள்ள ஐந்து சதமமீற்றர் மண்ணிலேயே தங்கியிருந்தது. சில இடங்களில் அம்மேல்மண்ணைச் சீவி அகற்றினர். சில இடங்களில் ஆழ உழுது கீழே புரட்டினர். வீடுகள், வயல்கள், வீதிகள் எங்கும் அகற்றிய மண்ணும் கழிவும் 1 கோடியே 30 லட்சம் கனமீற்றருக்கு மேல் ஆயிற்று. ஆனால் மேல்மண்ணே வயலின் செல்வம். தலைமுறை தலைமுறையாக எருவிட்டு வளர்த்த மண்ணை மூட்டை கட்டி அனுப்பிய விவசாயியின் மனத்தை அளக்கக் கருவி இல்லை. அதனினும் எளிய வழியாகப் பொற்றாசியப் பசளையிடல் கைகொடுத்தது. நூறு கிராம் மண்ணில் 25 மில்லிகிராம் அளவுக்குப் பயன்படு பொற்றாசியம் இருக்குமாறு பசளையிட்டால், நெல்லிற் சீசியம் மிகவும் தாழ்ந்துவிடும் என்று அங்குள்ள ஆராய்ச்சியாளர் வழிகாட்டினர். ஸ்ட்ரோன்சியம் உள்ள புளிப்பு நிலத்திற் சுண்ணாம்பிடுதல் இதே முறையில் உதவுகிறது.

2012ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி தொட்டு யப்பானிற் பொது உணவுக்கான எல்லை கிலோகிராமுக்கு 100 பெக்கரல் என வகுக்கப்பட்டது. அவ்வாண்டில் புக்குஷிமாவில் விளைந்த அரிசியிற் சாக்கு விடாமல், ஏறக்குறைய ஒரு கோடி சாக்குகளை அளந்து பார்த்தனர். எல்லையைக் கடந்தவை 71 சாக்குகள் மாத்திரமே. 2015ஆம் ஆண்டு விளைச்சலில் ஒன்றுகூட எல்லையைக் கடக்கவில்லை. எனினும், அளந்து தெளிந்த அரிசியையும் வாங்கத் தயங்கியோர் பலர். மண்ணைத் திருத்தச் சில ஆண்டுகள் போதுமாயின. நம்பிக்கையைத் திருத்த அதனினும் நீண்ட காலம் வேண்டியிருந்தது.

அடுக்களையும் இவ்விடயத்தில் ஓரளவு துணைபுரியும். இலையில் ஒட்டிய தூசி நன்கு கழுவுவதாற் பெரிதும் நீங்கும். நெல்லிற் சீசியம் தவிட்டிலே செறிந்திருப்பதால், தீட்டிய அரிசியில் அது குறைவு. மரக்கறியை அவித்த நீரை வடித்து ஊற்றினாற் சீசியத்தின் ஒரு பங்கு நீரோடு போகும். பாலிலிருந்து வெண்ணெயும் நெய்யும் எடுத்தால், சீசியமும் ஸ்ட்ரோன்சியமும் பெரும்பாலும் மோரிலே தங்கிவிடும். ஆனால் வெறும் கொதிப்பு கதிர்த்தொழிற்பாட்டை அழிக்கும் என்று எண்ணுவது தவறு. நெருப்புக் கிருமியைக் கொல்லும்; அணுவின் உட்கருவை அது தொடாது.

இவற்றைக் கேட்டு ஒவ்வொரு கவளத்துக்கும் அஞ்சுவதும் பொருந்தாது. பொற்றாசியத்தில் இயற்கையாகவே கதிர்வீசும் ஒரு சிறு பகுதி உண்டு. வளர்ந்த மனிதர் ஒவ்வொருவர் உடலிலும் ஏறக்குறைய 4,000 பெக்கரல் அளவில் அது என்றும் இருந்து வருகிறது. கதிர்வீச்சே இல்லாத உணவு உலகில் எக்காலத்தும் இருந்ததில்லை. ஆகவே, உண்டா இல்லையா என்பதிலும் பார்க்க, எது, எவ்வளவு, எந்த மண்ணில், யார் உண்ணும் உணவில் என்று கேட்பதே அறிவுடைமை. அச்சத்துக்கும் அசட்டைக்கும் இடையேயுள்ள பாதை அளவீடே.

பிக்கினிக்கு மீண்டும் வருவோம். அங்கே தென்னைகளின் அடியிற் பொற்றாசியப் பசளை இட்டு ஆராய்ந்தபோது, தேங்காயிற் சீசியம் முன்னிருந்ததிற் பத்திலொரு பங்கு அளவுக்குத் தாழ்ந்தது. மரமும் செழித்தது. மேல்மண் முழுவதையும் அகற்றுவதாயின் தீவின் வளமே அழிந்துவிடும். பசளையோ மண்ணைக் காத்து மரத்தையும் காக்கிறது. வழி இவ்வாறு தெரிந்திருந்தும், பிக்கினி மக்கள் இன்றுவரை தம் தீவில் நிலையாகக் குடியேறவில்லை. முன்பு ஒருமுறை "அஞ்சற்க" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பியவர்கள் அவர்கள். தீவை விட்டுப் புறப்பட்டோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வேற்றிடங்களிலே பிறந்து வளர்ந்துவிட்டனர்.

மண் மறப்பதில்லை. தன்மேல் வீழ்ந்ததைத் தன் இயல்புக்கேற்ப அடக்கிக்கொள்கிறது, அல்லது பயிரிடம் கொடுத்துவிடுகிறது. எந்த மண் எதனைச் செய்யும் என்பதை மனிதன் இன்று பெரும்பாலும் அறிவான். அவ்வறிவின் முதற் பகுதி பிக்கினித் தீவினர் உண்ட தேங்காயிலிருந்தும், குழந்தைகள் தந்த பாற்பற்களிலிருந்தும் கிடைத்தது என்பது மறக்கத்தக்கதன்று. ஒரு விபத்து நேரும்போது மண்ணை முதலில் அறிந்து, மக்களுக்கு உண்மையை நேரத்தோடு உரைத்தால், அவ்விலையை மற்றொரு தலைமுறை மீண்டும் கொடுக்க வேண்டியதில்லை.